ஏழாயிரம் மைல் எங்க போச்சு?

அத்தியாயம் 11

போன வாரம் மோய்ராவை எங்க விட்டோம்? அடுப்பங்கரையில, கையில அந்த லெட்டரோட. நீங்க இப்பதான் உள்ள வர்றீங்கன்னாலும் பரவாயில்ல, ரெண்டு நிமிஷத்துல சொல்லிடறேன்.

மோய்ரா ஃபெரன். வயசு ஐம்பத்திரண்டு, ஊர் மேரிபோர்ட். வேலை என்னன்னா, வீடு வீடாப் போய் முடியாதவங்களைக் குளிப்பாட்டி, மாத்திரை குடுத்து, நாலு வாய் சாப்பிட வெச்சுட்டு வர்றது. ஒரு நாளைக்குப் பத்து வீடு. சொந்தக் கார்லதான் போகணும். மைலுக்கு இருபத்தஞ்சு பென்ஸ், அதாவது கால் பவுண்டு, அவளை வேலைக்கு வெச்சிருக்கற ஏஜென்சி குடுக்குது. வரி ஆபீஸ் கணக்குப்படி நியாயமான ரேட் நாப்பத்தஞ்சு. மிச்சம் இருக்கற இருபதுக்கு வரிக்கழிவு கேக்கலாம், நாலு வருஷம் பின்னாடி போய்க்கூடக் கேக்கலாம்னு மோந்து பிடிச்சது பொண்ணு ஜனீன். கவுன்சில் ஆபீஸ்ல போன் எடுக்கற வேலை அவளுக்கு. அடுத்தவங்க ஃபார்ம்னா தூக்கத்துலகூட நிரப்புவா.

அம்மாவோட மைல் புத்தகம் நாலையும் பரப்பி வெச்சு அவ கூட்டிக்கிட்டிருந்தப்பதான் ஏஜென்சிலேர்ந்து அந்த லெட்டர் வந்துச்சு. புது மேனேஜர் கேவின் ரட் எழுதினது. சுருக்கமாச் சொன்னா இதுதான்: போன வருஷம் ஜனவரிலேர்ந்து இந்த வருஷம் ஜனவரி வரைக்கும் நீங்க எங்ககிட்ட வாங்கினது ஒன்பதாயிரத்து ஐநூறு மைலுக்குப் பணம். வருஷா வருஷம் காரைச் சோதிச்சு மீட்டர் மைலையும் குறிக்கற எம்.ஓ.டி. டெஸ்ட்ல உங்க கார் பதிவைப் பாத்தோம். அதே பன்னெண்டு மாசத்துல கார் ஓடினதே ரெண்டாயிரத்து ஐநூறு மைல்தான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வந்து விளக்கம் குடுங்க.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்னிக்கு. ஏப்ரல் அஞ்சு. வரி வருஷம் முடியற நாளும் இன்னிக்குத்தான். இன்னிக்குள்ள அனுப்பலேன்னா நாலு வருஷத்துல முதல் வருஷம் காலி.

காலை ஆறரை. கெட்டில் கொதிச்சு அடங்கியாச்சு.

"டோஸ்ட் கருகுது," ஜனீன் சொன்னா.

"கருகட்டும். உங்கப்பாவுக்கு அப்படித்தான் பிடிக்கும்." மோய்ரா யூனிஃபார்ம் பட்டனைப் போட்டுக்கிட்டே பேசினா. "நீ அந்த ஃபார்மை அனுப்பிட்டியா, இல்லியா?"

"இன்னும் இல்ல."

"ஏன் இன்னும் இல்ல?"

ஜனீன் வாயில டீயை வெச்சுக்கிட்டு யோசிச்சா. உண்மையைச் சொன்னா அம்மா முகம் என்ன ஆகும்னு தெரியும். ஆனா லாப்டாப்ல கடைசிப் பக்கத்துல ஒரு கட்டம் இருக்கு, நான் குடுத்த விவரம் எல்லாம் உண்மைன்னு டிக் பண்ணணும். அம்மா பேர்ல.

"நாலு வருஷத்தையும் ஒரு தடவ சரி பாத்துட்டு அனுப்பறேன்மா."

"மூணு தடவ பாத்துட்ட."

"நாலாவது தடவ பாக்கறேன்."

மோய்ரா டோஸ்ட்டை எடுத்துத் தட்டுல வெச்சா. கத்தியை எடுத்து வெண்ணெயைத் தடவினா, தேவைக்கு மேலயே தடவினா.

"ஜனீன், நான் எழுதினது எழுதினதுதான். காலைல முதல் வீட்டு வாசல்ல ட்ரிப் மீட்டரை அமுக்கி சைபர் பண்ணுவேன். கடைசி வீட்டு வாசல்ல என்ன நம்பர் இருக்கோ அதை எழுதுவேன். பதினாலு வருஷமா இதைத்தான் பண்றேன். அந்தப் பையன் என்ன டெஸ்ட்டைப் பாத்தானோ, எவன் காரைப் பாத்தானோ."

"நம்ம கார் நம்பர்தான்மா போட்டிருக்கான்."

"அப்ப டெஸ்ட் பண்ணவன் தப்பா எழுதியிருப்பான்."

படியில தடதடன்னு சத்தம். டிரெவர் வந்தான். கட்டடச் சாமான் விக்கற யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற ஆளு, அந்த யார்டு பேர் போட்ட ஸ்வெட்டரைத் தலை வழியா இழுத்துக்கிட்டே வந்தான். கருகின டோஸ்ட்டை எடுத்தான், லாப்டாப்பைப் பாத்தான், டோஸ்ட்டைக் கீழ வெச்சான்.

"அதை மூடி வை பொண்ணே."

"எதை?"

"அந்த வரி சமாச்சாரம். நமக்கு வேணாம். வரி ஆபீஸ்காரன் சும்மா தூங்கிட்டிருக்கான், அவனை ஏன் எழுப்பற?"

"ஆயிரத்து நானூறு பவுண்டுப்பா. அம்மாவோட காசு."

"அந்தக் காசு இல்லாம இத்தனை வருஷம் நாம பட்டினி கிடந்தோமா?" டிரெவர் குரல் கொஞ்சம் ஏறிச்சு, உடனே இறங்கிச்சு. "மோய்ரா, நீயும் அந்த கேவின்கிட்ட போய் மல்லுக்கட்டாத கண்ணு. எதோ ஞாபகப் பிசகு, கை தவறி எழுதிட்டேன்னு சொல்லிட்டு வந்துடு. சின்னப் பசங்களுக்கு மன்னிப்பு கேட்டா குளிர்ந்துடும்."

மோய்ரா திரும்பி அவனைப் பாத்தா.

"ஏழாயிரம் மைல் கை தவறுமா டிரெவர்?"

அவன் டோஸ்ட்டை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிட்டான். வேன் கிளம்பற சத்தம் கேட்டுச்சு.

ஜனீன் வாசலையே பாத்தா. அப்பா இப்படிப் பேசற ஆளு இல்ல. பார்க்கிங்குக்கு ஒரு பவுண்டு அதிகமாப் பிடிச்சாக்கூட மூணு லெட்டர் போடற மனுஷன். அவரே விட்டுடுன்னா என்ன அர்த்தம்? அம்மா பண்ணினது அவருக்குத் தெரியும், அம்மாவைக் காப்பாத்தப் பாக்கறாரு. வேற என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அம்மா கிளம்பினதும் ஜனீன் எம்.ஓ.டி. பதிவு இருக்கற இணையதளத்தைத் திறந்தா. கார் நம்பரைப் போட்டா யார் வேணும்னாலும் பாக்கலாம், மறைவே கிடையாது. போன ஜனவரி: முப்பத்தோராயிரத்துத் தொள்ளாயிரம். இந்த ஜனவரி: முப்பத்தி நாலாயிரத்து நானூறு.

கேவின் தப்பாப் பாக்கல.

அவ புத்தகத்தை மறுபடி எடுத்தா. அம்மாவோட உருண்டைக் கையெழுத்து. 'அலன்பி – அஸ்பேட்ரியா – விக்டன். 43. நடுவுல சூப்பர்மார்க்கெட், 2 கழிச்சாச்சு. 41.' அடுத்த நாள்: 'வில்ஃப்புக்குப் பல் செட் வாங்கப் போனது, வேலை இல்ல, 6 கழிச்சாச்சு.' ரெண்டு மைலைக் கழிக்கற கை ஏழாயிரத்தைக் கூட்டுமா? இல்ல, இப்படி ரெண்டைக் கழிச்சு எழுதினா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு தெரிஞ்ச கையா?

இந்த ரெண்டாவது கேள்வி வந்ததுமே ஜனீனுக்குத் தன் மேலயே அருவருப்பா இருந்துச்சு. ஆனாலும் கேள்வி போகல. உக்காந்துகிட்டே இருந்துச்சு.

பத்தரை மணிக்கு அம்மாவுக்கு மெசேஜ் போட்டா. 'அஸ்பேட்ரியால ஒரு சிநேகிதியப் பாக்கணும், வழில ஏத்திக்கறியா?'

மோய்ரா முதல் ரவுண்டு முடிச்சு வீட்டு வழியாத்தான் வந்தா. ஜனீன் முன் சீட்ல உக்காந்ததும் அவ கண்ணு நேராப் போனது டாஷ்போர்டுக்கு. ட்ரிப் மீட்டர் பதினெட்டு. அவ போன்ல மேப்பைத் திறந்து மடியில கவுத்து வெச்சுக்கிட்டா.

கடலோர ரோடு. காத்து காரைத் தள்ளுச்சு. ரெண்டு வீடு, மூணு வீடு. ஒவ்வொரு வாசல்லயும் அம்மா உள்ள போனதும் ஜனீன் மீட்டரையும் மேப்பையும் ஒத்துப் பாத்தா. அரை மைல்கூடப் பிசகல.

நாலாவது வீடு வில்ஃப் வீடு. பழைய ரயில்வே ஆளு, ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு வாய்க்குள்ள சூப்போட கத்தினார். "யாரது கார்ல, போலீஸா? நான் எதுவும் பண்ணல, எல்லாம் மோய்ராதான் பண்ணினா."

"சூப்பை முழுங்கிட்டுப் பேசுங்க," மோய்ராவோட குரல் உள்ளேர்ந்து வந்துச்சு.

அவ திரும்பி வந்து சீட்ல உக்காந்தா. சாவியைப் போடல. ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா ரோட்டைப் பாத்தா.

"உன் சிநேகிதி பேரு என்ன?"

"எந்தச் சிநேகிதி?"

"அஸ்பேட்ரியால இருக்கற சிநேகிதி. நாம அஸ்பேட்ரியாவைத் தாண்டி இருபது நிமிஷம் ஆச்சு."

ஜனீன் போனைக் கையால மூடினா.

"மடியில இருக்கற போனைத் திருப்பி வெச்சே பாரு," மோய்ரா சொன்னா. கோபம்னு சொல்ல முடியாது, களைப்பு மாதிரி இருந்துச்சு. "இந்த வீட்டுல இருக்கறவர் என்னைத் தவிர யாரு ஊட்டினாலும் துப்பிடறார். திருடின்னு பேர் எடுத்து என்னை வெளிய அனுப்பினா, வேற எந்த ஏஜென்சியும் என்னை இவங்க வீட்டுப் படியேற விடாது. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சே என்னைச் சோதிக்கற."

"உன் பேர்ல உண்மைன்னு டிக் பண்ணணும்மா. நான் நம்பணும் இல்ல."

"இன்னிக்கு எவ்வளவு வந்துச்சு?"

"புத்தகத்துல எப்பவும் எழுதற மாதிரியேதான்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம்..." ஜனீன் கையை நீட்டி ஸ்டீயரிங் ஓரத்துல இருந்த பட்டனை ரெண்டு தடவ அமுக்கினா. ட்ரிப் மீட்டர் மறைஞ்சு மொத்த மைல் வந்துச்சு. முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். "இதுதான் அப்புறம். நீ இதை எப்பவாவது பாப்பியா?"

"எனக்கு எதுக்கு அது? ஏஜென்சிக்கு வேண்டியது அன்னன்னிக்கு ஓடினது. அதைப் பாக்கறேன்." மோய்ரா கண்ணைச் சுருக்கி அந்த நம்பரைப் பாத்தா. "முப்பத்தாறா? நாப்பதைத் தாண்டலியா இது?"

"ஏன் நாப்பதுன்னு சொல்ற?"

"என்னமோ தோணிச்சு. டயர் மாத்தினப்ப அந்தப் பையன் சொன்னான், நாப்பதாயிரம் வரைக்கும் ஓட்டியிருக்கீங்க, நல்லாத்தான் வெச்சிருக்கீங்கன்னு."

"டயர் எப்ப மாத்தின?"

"அக்டோபர். பில் உள்ளதான் கிடக்கும்."

ஜனீன் முன்னாடி இருந்த டப்பாவைத் திறந்தா. ஒத்தைக் கையுறை, கசங்கின டிஷ்யூ, பெப்பர்மிண்ட், அதுக்கு அடியில மஞ்சள் பில். தேதி அக்டோபர் பதினேழு. ரெண்டு முன் டயர். கீழ பேனால, மைலேஜ் 39,700.

அவ அதை ரெண்டு தடவ படிச்சா. அக்டோபர்ல முப்பத்தொன்பதாயிரத்து எழுநூறு. ஜனவரில முப்பத்தி நாலாயிரத்து நானூறு. கார் முன்னாடியும் போகும், ரிவர்ஸும் போகும். ரிவர்ஸ் போனாலும் மீட்டர் குறையாது.

"என்ன?" மோய்ரா கேட்டா.

"ஒண்ணும் இல்ல." பில்லை மடிச்சுக் கோட்டுப் பையில வெச்சா. அடுத்த கேள்வியை எவ்வளவு சாதாரணமாக் கேக்க முடியுமோ அவ்வளவு சாதாரணமாக் கேட்டா. "அக்டோபருக்கு அப்புறம் இந்தக் காரை வேற யாராவது எடுத்தாங்களாம்மா?"

"யாரு எடுப்பா? நவம்பர்ல உங்கப்பா ரெண்டு நாள் வெச்சிருந்தான். பிரேக் சத்தம் போடுதுன்னு யார்கிட்டயோ குடுத்துப் பாத்துட்டு வந்தான். அந்த ரெண்டு நாளும் நான் அவன் வேனை ஓட்டினேன், கை வலி கண்டு போச்சு." மோய்ரா சாவியைத் திருப்பினா. "பிரேக் எப்பவுமே சத்தம் போட்டதில்ல, அது வேற விஷயம்."

கார் கிளம்பிச்சு. ஜனீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. காலைலேர்ந்து தப்பான ஆளையே பாத்துக்கிட்டு இருந்திருக்கா.

ரெண்டே முக்காலுக்கு அம்மா அவளைத் துறைமுகத்துப் பக்கம் இறக்கி விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போனா. யார்டு அங்கதான். டிரெவர் மூணு மணிக்கு முடிப்பான். சிமெண்ட் மூட்டை அடுக்கின பலகைக்குப் பின்னாடி சிகரெட் பிடிச்சுக்கிட்டு நின்னான். பொண்ணைப் பாத்ததும் சிகரெட்டை மறைச்சான். நிறுத்திட்டேன்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கான்.

"அதை மறைக்க வேணாம்பா. பெருசா மறைச்சதைச் சொல்லு."

"என்னது?"

அவ பில்லை எடுத்து அவன் முகத்துக்கு நேரா நீட்டினா. குடுக்கல, நீட்டினா.

டிரெவர் படிச்சான். அவன் படிக்கற வேகத்துலயே அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. முதல் தடவ பாக்கறவன் தேதியைப் பாப்பான், கடை பேரைப் பாப்பான். இவன் கண்ணு நேராக் கீழ மைலேஜுக்குப் போய் அங்கயே நின்னுச்சு.

"யாருப்பா திருப்பினது மீட்டரை?"

"மெதுவாப் பேசு."

"யாரு?"

"ஒருத்தன். வொர்க்கிங்டன்ல. லாப்டாப்பைச் சொருகினான், பத்து நிமிஷம், நூத்திருபது பவுண்டு." அவன் யார்டு பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டே பேசினான். "நான் என்ன பண்ண சொல்ற? கார் நம்ம காரா? ஃபைனான்ஸ் கம்பெனி கார். ஏப்ரல் கடைசில திருப்பிக் குடுக்கணும். முப்பத்தெட்டாயிரத்தைத் தாண்டினா மைலுக்குப் பத்து பென்ஸ் அபராதம். உங்கம்மா ஓட்டற ஓட்டத்துக்கு எண்ணூறு பவுண்டு ஆகும். எண்ணூறு பவுண்டு எங்க இருந்துச்சு நம்மகிட்ட? அவகிட்ட சொன்னா அவ தூங்க மாட்டா. அதான் நானே முடிச்சேன். எட்டாயிரம் குறைச்சேன். போன வருஷ டெஸ்ட்டைவிடக் கொஞ்சம் கூட இருக்கற மாதிரிப் பாத்துத்தான் வெச்சேன். ஃபைனான்ஸ்காரன் கண்டுபிடிக்க மாட்டான்னு."

"ஃபைனான்ஸ்காரன் கண்டுபிடிக்கல. அம்மாவோட மேனேஜர் கண்டுபிடிச்சான்."

"அவன் ஏன் எம்.ஓ.டி.யைப் பாப்பான்? எந்த மடையன் அதைப் பாப்பான்?"

"லெட்டர் வந்தது செவ்வாக்கிழமை. இன்னிக்கு வெள்ளி. மூணு நாளா அம்மா சாப்பிடாம சுத்தறா. நீ பக்கத்துல உக்காந்து டோஸ்ட் தின்ன."

டிரெவர் சிகரெட்டைக் கீழ போட்டு மிதிச்சான். அணைஞ்சப்புறமும் மிதிச்சான்.

"இது தெரிஞ்சா கேஸ் ஆயிடும் ஜனீன். சும்மா திட்டு வாங்கிட்டு வர்ற விஷயம் இல்ல. மோசடின்னு எழுதுவான். எனக்கு வேலை போகும்."

"அவளுக்குப் போகலாமா?"

"அவ தெரியாம எழுதிட்டேன்னு சொன்னா..."

"காலைல சொன்னியே, மன்னிப்பு கேட்டா குளிர்ந்துடும்னு. உனக்குத்தானே அது? நீ கேளு. நீ வா. மூணே கால் ஆச்சு, கார் அவகிட்ட இருக்கு, நீ என்னை வேன்ல கூட்டிட்டுப் போய் அவன் முன்னாடி நிக்கற. அவ்வளவுதான்."

அவன் யார்டு பக்கம் இன்னொரு தடவ பாத்தான். அப்புறம் பாக்கெட்ல கையை விட்டுச் சாவியை எடுத்தான்.

"சரி, ஏறு."

வேன் கிளம்பிச்சு. டிரெவர் ரேடியோவைப் போட்டான், அணைச்சான். ரெண்டு சிக்னல்லயும் பச்சை விழுந்தப்புறமும் நின்னான்.

ஏஜென்சி ஆபீஸ் கார்ப்பெட் கடைக்கு மேல, மாடியில. வாசல்ல மோய்ராவோட கார் ஏற்கெனவே நின்னுச்சு. மணி நாலு அஞ்சு.

"நீ மேல போ," டிரெவர் சொன்னான். "வண்டியை நேரா நிறுத்திட்டு வர்றேன். அஞ்சு நிமிஷம்."

"நேராத்தானே நிக்குது."

"அஞ்சு நிமிஷம் குடு எனக்கு. அப்பா மனுஷன் இல்லியா?"

ஜனீன் இறங்கினா. கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி அவனை ஒரு தடவ பாத்தா. அவன் கண்ணாடியில தன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டிருந்தான்.

மேல கேவின் ரட். முப்பது வயசுகூட இருக்காது. கழுத்துல அடையாள அட்டை, மேசையில பாதி தின்ன சாண்ட்விச். மோய்ரா எதிர்ல நேரா உக்காந்திருந்தா, கைப்பை மடியில, நாலு புத்தகமும் மேசையில. புத்தகங்களுக்குப் பக்கத்துல ஒரு தாளும் பேனாவும்.

"நீங்க...?" கேவின் கேட்டான்.

"பொண்ணு. இதுல என்ன எழுதியிருக்கு?"

"நான் தப்பாக் கணிச்சு எழுதிட்டேன், வேலையை விட்டுடறேன்னு," மோய்ரா பதில் சொன்னா. "கையெழுத்து போட்டா மேல யாருக்கும் எழுத மாட்டாராம். நல்ல மனசு."

"உண்மையிலயே உங்களுக்கு நல்லதுன்னுதான் சொன்னேன் மோய்ரா," கேவின் சொன்னான். கேலி பண்றான்னு நினைச்சா இல்ல, அவனுக்கே வேர்த்திருந்துச்சு. "நான் சின்னப் பையன்னு நினைக்கறீங்க. எனக்கும் மேல ஆள் இருக்காங்க. நம்பர் கண்ணுக்கு நேரா இருக்கு."

ஜனீன் மஞ்சள் பில்லை மேசையில வெச்சா. விரலால கீழ் வரியைக் காட்டினா.

கேவின் குனிஞ்சு படிச்சான். மோய்ராவும் படிச்சா. அக்டோபர், ஜனவரி, நடுவுல நவம்பர். அவ முகம் மாறல. கைப்பையோட வார்தான் கைக்குள்ள இறுகிச்சு.

"பிரேக்கு," அவ மெல்லச் சொன்னா. யார்கிட்டயும் சொல்லல.

"மீட்டரைக் குறைச்சிருக்காங்க," ஜனீன் கேவின்கிட்ட சொன்னா. "அம்மா எழுதினதுதான் சரி. கார் காட்டறதுதான் பொய்."

கேவின் பில்லைத் திருப்பிப் பாத்தான், வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தான். நாற்காலியில சாஞ்சான்.

"குறைஞ்சிருக்கு. ஒத்துக்கறேன். யாரு குறைச்சது?"

ஜனீன் கதவுப் பக்கம் பாத்தா.

"கார் உங்க பேர்ல இருக்கு மோய்ரா. ஃபைனான்ஸ் உங்க பேர்ல. மீட்டர் குறைஞ்சா லாபம் உங்களுக்கு. இந்தப் பில்லை நான் மேல அனுப்பினா அவங்க என்ன சொல்லுவாங்க? மைல்ல பொய் சொல்லலேன்னா மீட்டர்ல பொய் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுவாங்க. நான் பண்ணினேன்னு ஒருத்தர் வந்து எழுதிக் குடுத்தாத்தான் நீங்க வெளிய வர முடியும். அப்படி யாராவது இருக்காங்களா?"

"இருக்காங்க," ஜனீன் சொன்னா. "கீழ இருக்காரு. வர்றாரு."

கேவின் கடிகாரத்தைப் பாத்தான். "நாலரை வரைக்கும் காத்திருக்கேன். அஞ்சு மணிக்கு நான் ரிப்போர்ட் அனுப்பியாகணும்."

நாலு பதினஞ்சு. நாலு இருபது. கீழ கார்ப்பெட் கடைக்காரன் யாரோடயோ விலை பேசற சத்தம் வந்துச்சு. படியில எந்தச் சத்தமும் வரல. கேவின் சாண்ட்விச்சை எடுக்கப் போனான், சங்கடப்பட்டு விட்டுட்டான்.

ஜனீன் போன் போட்டா. மணி அடிச்சுது, அடிச்சுது, நின்னுச்சு.

"விடு," மோய்ரா சொன்னா.

"அம்மா, அவரு வருவாரு."

"விடுன்னேன் இல்ல." அவ அந்தத் தாளை எடுத்தா. ஜனீன் அவ கையையே பாத்தா. கையெழுத்து போட்டா அப்பா தப்பிச்சுக்குவாரு, இன்னியோட எல்லாம் முடிஞ்சு போகும், அம்மா வேலையைத் தவிர. மோய்ரா தாளை ரெண்டா மடிச்சா, நாலா மடிச்சா, கேவின் பக்கம் தள்ளினா.

"இது எனக்கு வேணாம் கண்ணு. மேல என்ன எழுதணுமோ எழுதிக்கோங்க. அந்தப் பில்லையும் சேத்து அனுப்புங்க, புத்தகத்தையும் அனுப்புங்க. யாரு வேணும்னாலும் என் கூட ஒரு வாரம் கார்ல உக்காந்து வரலாம். என் பொண்ணு இன்னிக்கு வந்தா."

ஜனீன் தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

"வரி ஃபார்ம் போன்லயே இருக்கா?" மோய்ரா அவகிட்ட கேட்டா.

"இருக்கு."

"அந்தக் கட்டத்தைக் காட்டு."

"அம்மா, இப்ப வேணாம். அவங்களும் எம்.ஓ.டி.யைப் பாத்தா..."

"பாக்கட்டும். நாலு வருஷமும் நான் ஓட்டின ஓட்டம். மீட்டரை எவனோ குறைச்சான்னு நானும் குறைச்சு எழுதணுமா?"

கேவின் வாயைத் திறந்தான். "மோய்ரா, அது அரசாங்கம். நம்பர் ஒத்துப் போகலேன்னா என்னை மாதிரி உக்காரச் சொல்லிப் பேச மாட்டாங்க."

"தெரியும்."

ஜனீன் போனை நீட்டினா. மோய்ரா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாப் படிச்சா, அவசரமே இல்லாம. விவரம் எல்லாம் உண்மை, அந்தக் கட்டத்துல டிக். அனுப்பு. சின்னதா ஒரு வட்டம் சுத்திச்சு, அப்புறம் கிடைச்சதுன்னு வந்துச்சு.

அந்த நேரம் பாத்துக் கீழ ஒரு இன்ஜின் உறுமிச்சு. நடுநடுவுல இருமற அந்தச் சத்தம் டிரெவர் வேனுக்கு மட்டும்தான் உண்டு.

ஜனீன் எழுந்திருக்கறதுக்குள்ள மோய்ரா ஜன்னல் பக்கம் போயிட்டா. வேன் கார்ப்பெட் கடை முனையில நின்னுச்சு, ரோட்டுல வண்டி எதுவும் இல்ல, ஆனாலும் நின்னுச்சு. இண்டிகேட்டர் மின்னிச்சு.

"வீட்டுக்குத்தான் போறாரா?" ஜனீன் பின்னாடி நின்னு கேட்டா. "போய் நாம பேசிக்கலாம்மா. எழுதி வாங்கிக்கலாம்."

மோய்ரா ஜன்னல் கண்ணாடியில நெத்தியை வெச்சுக்கிட்டு அந்த வேன் கண்ணை விட்டு மறையற வரைக்கும் பாத்தா.

"வீடு வலது பக்கம்," அவ சொன்னா. "அவன் இடது பக்கம் திரும்பிட்டான்."